அதே டிஸ்க், அதே டாக்டர்

இம்மானுவேல் வாசலுக்கு வருவதற்குள் அவருடைய இடது செருப்பு இரண்டு தடவை கழன்று விழுந்துவிட்டது. பாதம் மேலே எழும்பவே இல்லை, தரையைத் தேய்த்துக்கொண்டு வந்தது. கதவு நிலையைப் பிடித்து நின்று, "வாங்கண்ணே" என்றார்.

கர்ணன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். தன்னைவிட நாலைந்து வயசு சின்ன ஆள். ஆபரேஷன் பண்ணின மனுசன் கதி இதுதானா? அப்படியே திரும்பித் தன் ஊர் ஓடைப்பட்டிக்குப் பஸ் ஏறிவிடலாமா என்றுகூட நினைத்தார்.

கர்ணனின் இடுப்பு வலிக்குத் தேனி டாக்டர் மூன்று வழி சொல்லியிருந்தார். நரம்பில் ஊசி போட்டுக் கொஞ்ச நாள் ஓட்டலாம். சின்னத் துளை போட்டு, முதுகெலும்பில் பிதுங்கின டிஸ்க்கை மட்டும் எடுக்கலாம். இல்லையென்றால் எலும்பை ஸ்க்ரூ வைத்து முடுக்கலாம்.

"உங்களுக்குத் துளையே போதும். ஆனா தள்ளிப் போடாதீங்க. கால் நரம்பு செத்துப் போச்சுன்னா அப்புறம் என்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்றார் டாக்டர்.

கத்தி வைக்கிறவர் பயமுறுத்தத்தானே செய்வார் என்று கர்ணன் எழுந்து வந்துவிட்டார். அதுவும் ஆச்சு ஆறு மாசம். திராட்சைப் பந்தலுக்கு அடியில் நின்று கொடியைக் கவாத்து வெட்டவும் முடியவில்லை, படுத்தால் புரளவும் முடியவில்லை. உயிரோடு இருக்கும்போதே நாலு பேர் தூக்கிப் போகிற மாதிரி ஆகிவிடுமோ என்று தினமும் பயந்து சாகிறார்.

உரக்கடை ஜெபராஜ்தான் இந்த யோசனையைச் சொன்னார். "ராயப்பன்பட்டி இம்மானுவேலுக்கும் அதே டிஸ்க், அதே டாக்டர். நீங்க வர்றதா நானே போன் போட்டுச் சொல்லிர்றேன். ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வந்து முடிவு பண்ணுங்க."

இப்போது பார்த்தாயிற்று.

இம்மானுவேலின் சம்சாரம் காபி கொண்டுவந்து வைத்தார். "பஸ்ஸுலயா வந்தீக? அம்புட்டுத் தூரமும் உக்காந்துக்கிட்டேவா?"

"ஆமாத்தா. பஸ் மாறி மாறித்தான் வந்தேன்."

"பாத்தீகளா" என்று அந்த அம்மாள் புருசனைப் பார்த்தார்.

சட்டைக்குள் இடுப்பு வலிப் பெல்ட்டை மூச்சு முட்ட இறுக்கியிருப்பதைக் கர்ணன் சொல்லவில்லை. அடுத்த வீட்டில் வந்து நொண்டிக் காட்டுவதாவது. தோளில் கிடந்த துண்டு நழுவி விழுந்தபோதும் பல்லைக் கடித்துக்கொண்டு அவரே குனிந்து எடுத்தார். வலி மண்டைக்கு ஏறியது. புருசனும் பெண்டாட்டியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

எடுத்த எடுப்பில் ஆபரேஷனைப் பற்றிக் கேட்கக் கர்ணனுக்கு நாக்கு வரவில்லை. வெந்த புண்ணில் எதுக்கு வேலைப் பாய்ச்ச வேண்டும் என்று சுற்றி வளைத்துத்தான் கேட்டார்.

"கால்ல உணர்ச்சி இருக்கா தம்பி?"

"முழங்காலுக்குக் கீழ கிள்ளுனாலும் தெரியலண்ணே. போன மாசம் வரைக்கும் நல்லாத்தான் நடந்தேன்."

அப்படியானால் போன மாசம்தான் கத்தி பட்டிருக்கிறது. கர்ணன் மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டார்.

"ராத்திரி தூங்குறீகளா?"

"எங்கண்ணே தூங்குறது. காலையில எந்திரிச்சா இன்னொரு காலும் போயிருக்குமோன்னு தொட்டுத் தொட்டுப் பாத்துக்கிட்டுக் கிடக்கேன்."

கர்ணன் டம்ளரைக் கீழே வைத்தார். ஊசியும் வேண்டாம், துளையும் வேண்டாம், ஸ்க்ரூவும் வேண்டாம். கஷாயமோ தைலமோ, இருக்கிற காலோடு இருந்துவிட்டுப் போகிறேன் என்று முடிவு கட்டினார். இனி அந்த டாக்டர் இருக்கிற தெருப் பக்கமே போவதில்லை.

"அப்ப நான் வர்றேன் தம்பி. உடம்பைப் பாத்துக்கங்க" என்று எழுந்தார்.

இம்மானுவேல் சட்டென்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார். உள்ளங்கை வேர்த்துச் சில்லென்று இருந்தது.

"நீங்க குனிஞ்சு துண்டை எடுத்ததைப் பாத்த பெறகுதாண்ணே எனக்கு உசுரே வந்துச்சு. மறைக்காமச் சொல்லுங்க. அதைக் கேட்டுத்தான் நானும் முடிவு பண்ணணும்."

"என்னத்த?"

"ஆபரேஷன் பண்ணி எத்தனையாவது நாள் எந்திரிச்சு நடந்தீக?"