கண் எரியுதா?

தம்பி மனைவியை அந்த நாற்காலியில் பார்ப்போம் என்று, வீட்டின் மூத்த மகளான பெரியவள் கனவிலும் நினைக்கவில்லை.

அழகுசாதனக் கடையின் நடுவில் உயரமான சுழல் நாற்காலி. எதிரே, சுற்றிலும் பல்பு எரியும் கண்ணாடி. தம்பி மனைவி முகத்தை நிமிர்த்திக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். விற்பனைப் பெண் அவள் இமையில் மை தீட்டிக்கொண்டிருந்தாள்.

உதட்டுச்சாயம் வாங்க வந்த பெரியவள் சட்டென்று சென்ட் பாட்டில் அலமாரிக்குப் பின்னால் ஒதுங்கினாள்.

தம்பி வீட்டில் அம்மா நாலு மாதமாகப் படுக்கையில். பக்கவாதம். வலது பக்கம் அசையவில்லை. வாய் பேசவில்லை. இங்கே மருமகளுக்கு மை!

"இன்னும் அழுத்தமாப் போடுங்க. தண்ணி பட்டாலும் போகாத மைதானே?"

"ஆமா மேடம், மழையில நனைஞ்சாலும் அப்படியே நிக்கும். போட்டாச்சு, கண்ணாடியில பாருங்க. எவ்வளவு எடுப்பா இருக்கு!"

அவள் கண்ணாடிப் பக்கமே திரும்பவில்லை.

"சரி, அழிங்க."

"என்னது?"

"மூலிகையில செஞ்சது, கண்ணுக்கு இதமா இருக்கும்னு சொன்னீங்களே. அதைப் போட்டு அழிங்க."

விற்பனைப் பெண் பஞ்சை நனைத்தாள். "கத்தாழையும் வெள்ளரியும் சேர்த்தது. சில்லுனு இருக்கும். கண்ணை மூடிக்குங்க."

"மூடலை. கொஞ்சம் உள்ள படட்டும்."

"ஐயோ, உள்ள படக்கூடாது மேடம்! பாட்டில்லயே எழுதியிருக்கு."

"படிச்சேன். நீங்க துடைங்க."

பஞ்சு பட்டதும் அவள் நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

"இது எரியுது. வேற காட்டுங்க."

மறுபடி மை. மறுபடி பஞ்சு. இரண்டாவது பாட்டிலும் எரிந்தது.

விற்பனைப் பெண் மூன்றாவது பாட்டிலை எடுக்கிற சாக்கில் பக்கத்து மேசைக்காரியிடம் முணுமுணுத்தாள். "முக்கால் மணி நேரமா உக்காந்திருக்கா. வாங்குற மூஞ்சியாத் தெரியலை. ஓசியில பொழுது போகுது."

அது பெரியவள் காதில் விழுந்தது. அதற்கு மேல் அவளால் பொறுக்க முடியவில்லை. அவள் நாற்காலியை நெருங்கியபோது, தம்பி மனைவி எரிச்சல் அடங்குவதற்காக இரண்டு கண்ணிலும் ஈரப் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள்.

"பூனை கண்ணை மூடிக்கிட்டா உலகமே இருண்டு போச்சுன்னு நெனைக்குமாம்!"

பஞ்சு இரண்டும் மடியில் விழுந்தன. "அண்ணி! நீங்களா?"

"நானேதான். அங்க ஒரு உசுரு படுத்த படுக்கையாக் கெடக்கு. உனக்கு இங்க சிங்காரம் கேக்குதா?"

"அத்தைகிட்ட அவர் இருக்கார் அண்ணி. அரை நாள் லீவு போட்டிருக்கார்."

"பேஷ்! அவன் லீவு போட்டு அம்மாவைப் பாத்துக்கணும். நீ இங்க மை போட்டு, அழிச்சு, திரும்பப் போட்டு விளையாடணும். நாலு பேர் பார்த்தா நம்ம குடும்பத்தைப் பத்தி என்ன நெனைப்பாங்க?"

தம்பி மனைவி எழுந்து நின்றாள். கண் இரண்டும் ரத்தமாகச் சிவந்திருந்தன.

"மை எனக்கில்லை அண்ணி. அத்தைக்கு."

"அம்மாவுக்கா?"

"நீங்க வந்து ரெண்டு மாசம் ஆச்சு இல்லையா, அதான் தெரியலை. ஆளுங்க வந்தா அத்தை சுவத்துப் பக்கம் மூஞ்சியைத் திருப்பிக்க ஆரம்பிச்சாங்க. உடற்பயிற்சி சொல்லித்தர வர்ற பொண்ணைக்கூட ஏறெடுத்துப் பாக்கலை. முப்பது வருஷம் பாங்க் கவுன்ட்டர்ல உக்காந்தவங்க. மை வைக்காம ஒருநாளும் வாசப்படி தாண்டினதில்லைன்னு மாமா சொன்னார். சரி, பார்ப்போமேன்னு ஒருநாள் போட்டுவிட்டேன்."

பெரியவள் கீழே விழுந்து கிடந்த பஞ்சை எடுத்து மேசையில் வைத்தாள்.

"கண்ணாடியைக் காட்டினேன். இடது கையால என் கையைப் பிடிச்சவங்க விடவேயில்லை. அன்னைக்கு அந்தப் பொண்ணு சொன்னபடி காலை நீட்டி மடக்கினாங்க. அதுலேருந்து தினம் காலையில போட்டுவிடறேன். சாயங்காலம் அழிக்கறதுதான் பெரும்பாடா இருக்கு."

"ஏன்?"

"வலது கண்ணு முழுசா மூடாது அண்ணி. என்ன பண்ணினாலும் உள்ள பட்டுடுது. போன வாரம் மை அழிக்கற மருந்து ஒண்ணு வாங்கிட்டுப் போய்த் துடைச்சேன். கண்ணோரம் தண்ணியா வழிஞ்சுது. ஏதோ நெனைச்சு அழறாங்கன்னு நானும் தலையைத் தடவிக் கொடுத்துட்டு வந்துட்டேன். காலையில பாத்தா கண்ணு கோவைப்பழமாச் சிவந்து வீங்கிக் கெடக்கு."

விற்பனைப் பெண் மூன்றாவது பாட்டிலைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தாள்.

"சரி, அதுக்கு நீ எதுக்கு உன் கண்ணைக் கெடுத்துக்கறே?" பெரியவளின் குரல் இறங்கியிருந்தது. "வாங்கிட்டுப் போய் அம்மாவுக்கே ஒரு துளி போட்டுப் பாத்தாத் தெரிஞ்சுடப்போகுது."

தம்பி மனைவி மறுபடி நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, முகத்தை நிமிர்த்திக் கண்ணை அகலத் திறந்து வைத்துக்கொண்டாள்.

"எரிஞ்சா நான் கத்திடுவேன் அண்ணி. அத்தையால கத்த முடியாதே."