ஐந்தாவது வால்வு

சின்னராஜ் பாதியில் விட்டுப்போன வால்வு ஆம்ப்ளிஃபயரை அவன் மனைவி சிவசக்தி கட்டி முடித்தாள். அதன் ஐந்து கண்ணாடி வால்வுகளில் ஒன்றைச் சேலத்தில் காட்டி வருவதாகச் சொல்லி, சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மலைக் கிராமமான கரடியூரில் பஸ் ஏறியவன் இரண்டு வருடமாகத் திரும்பவில்லை. ஐந்தாவது சாக்கெட் காலியாகவே இருந்தது.

“அமாவாசைக்கு அண்ணனுக்குக் காரியத்தப் பண்ணிரலாமுங்க அண்ணி,” என்றான் கொழுந்தன் குமரவேல். “இன்னும் எத்தன நாளைக்குங்க?”

அவள் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வால்வின் இழை சூடேற 0.3 ஆம்பியர் என்று விவரத்தாளில் இருந்தது. நான்கு வால்வுக்கு 1.2. மீட்டர் 1.5 காட்டியது.

நான்கையும் ஒவ்வொன்றாகக் கழற்றினாள். எண் 0.3இல் நின்றது. ஒயர்களைச் சோதித்தாள். கோளாறு இல்லை.

“ஆளக் காணோம், கரண்ட மட்டும் குடிக்கறாராக்கும் அண்ணன்!” குமரவேல் சிரித்தபடி காலி சாக்கெட்டின் மேல் கையைக் காட்டினான். உள்ளங்கையில் சூடு பட, சிரிப்பு நின்றது. சுவிட்சை அணைக்கப் போனான்.

“வேண்டாமுங்க தம்பி.” சிவசக்தி அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

அமாவாசை வந்து போனது. காரியம் நடக்கவில்லை. கரண்ட் போனாலும் அணையாதிருக்க அவள் இன்வெர்ட்டர் வாங்கி வைத்தாள். தினமும் காலையில் எஸ்டேட் வேலைக்குக் கிளம்புமுன், அந்தக் காலி இடத்தின் மேல் கைகளைக் காட்டிக் குளிர் காய்ந்துவிட்டுப் போனாள்.