முன் பெஞ்சு மாணவர்

"அப்பா... அப்பா! தூங்கிட்டீங்களா?"

பதிலுக்கு ஒரு குறட்டைதான் வந்தது.

மகள் கையிலிருந்த சாக்பீஸை மேசைமேல் போட்டாள். மண்ணின் வகைகளில் முதல் வகையையே அவள் இன்னும் தாண்டவில்லை. அதற்குள் வகுப்பின் ஒரே மாணவர் நாற்காலியில் தலை சாய்ந்து, வாய் பிளந்து உறங்கிப்போயிருந்தார்.

காலையிலிருந்து வகுப்பறையில் நின்று நின்று அவளுக்குக் கால்கள் கெஞ்சின. ஆசிரியர் பயிற்சிப் படிப்பின் கடைசிக் கட்டம். வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளியிலேயே கற்பித்தல் பயிற்சி கிடைத்ததால், விடுதியைக் காலி செய்துவிட்டு வந்திருந்தாள். வந்த நாளாக அப்பாவும் வீட்டில்தான் இருந்தார். பஸ் ஓட்டுநர். "லீவு நிறைய சேர்ந்து கிடக்கு. எடுக்கலன்னா வீணாப் போயிடும்" என்றார். "டீச்சரம்மா, தினமும் எனக்கு நடத்திக் காட்டு. நான்தான் உன் முன் பெஞ்சு" என்று அவராகத்தான் வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்ததோடு சரி.

"எழுப்பட்டுமாம்மா? உள்ள போய்ப் படுக்கட்டும்."

சமையலறையிலிருந்து விரைந்து வந்த அம்மா, உதட்டில் விரல் வைத்தாள். ஜன்னல் திரையை ஓசைப்படாமல் இழுத்துவிட்டாள்.

"தொடாத. அப்படியே இருக்கட்டும்."

"நான் பாடம் நடத்தற லட்சணம் அப்படி இருக்கு, இல்ல?"

"நல்லாத்தான் நடத்தற. இன்னும் கொஞ்சம் நீட்டி நடத்தேன்."

மகளுக்குச் சுருக்கென்றது. "கிண்டலா?"

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து, சுவரில் சாய்ந்துகொண்டு, அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் பள்ளியில் வழிகாட்டி ஆசிரியை சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"பாடத்திட்டத்துல எல்லாம் சரியா இருக்கும்மா. நோக்கம் இருக்கு, மதிப்பீடு இருக்கு. உயிர்தான் இல்ல. 'ஆர்வமூட்டல்'னு தலைப்பு போட்டு அடியில நாலு வரி எழுதிட்டா பசங்களுக்கு ஆர்வம் வந்துடுமா? பாதி வகுப்பு கொட்டாவி விடுது. வெள்ளிக்கிழமை வெளியிலேருந்து தேர்வாளர் வர்றாரு, ஞாபகம் இருக்கில்ல?"

"என்ன பண்றதுன்னே தெரியல மேடம். எழுதி எழுதிக் கைதான் ஓஞ்சு போச்சு."

"நீங்களே பேசிக்கிட்டு இருக்கீங்க. அதான் கோளாறு. அவங்களைச் செய்ய விடுங்க."

வீட்டுக்கு வந்து முகம்கூடக் கழுவாமல் எழுதியதை எல்லாம் அடித்தாள். படம் சேர்த்தாள், கேள்வி சேர்த்தாள், நடுவில் ஒரு கதையும் சேர்த்தாள். அப்பா கதை வரைக்கும்கூட வரவில்லை. படத்திலேயே கண் சொருகிவிட்டது.

"எதுக்கு இப்படி மாத்தி மாத்தி எழுதிச் சாகற?" என்றாள் அம்மா. "முதல்ல நடத்தினியே, அதுவே போதும்."

"அம்மா, இது என் பரீட்சைம்மா! அப்பாவையே முழிச்சிருக்க வைக்க முடியலன்னா, நாப்பது வாலுங்களை எப்படி உட்கார வைப்பேன்?"

சொல்லும்போதே அழுகை முட்டியது. அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்து, விழுங்கிக்கொண்டாள்.

வியாழக்கிழமை மகள் வரும்போது பையெல்லாம் மண். விளையாட்டு மைதானத்து மணல், பள்ளித் தோட்டத்து மண், குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளத்திலிருந்து களிமண். பிளாஸ்டிக் பாட்டில்களைப் பாதியாக வெட்டி, வாயில் துணி கட்டி, தலைகீழாக நிறுத்தி, ஒவ்வொன்றிலும் ஒரு மண்ணாக நிரப்பினாள்.

"அப்பா, இன்னிக்கு நான் ஒண்ணும் சொல்லப் போறதில்ல. நீங்கதான் தண்ணி ஊத்தப் போறீங்க. எது முதல்ல சொட்டும்? பந்தயம்!"

"மணல்தான். இதுல என்ன பந்தயம் வேண்டிக் கிடக்கு?"

"சரி, அடுத்தது?"

அப்பா யோசித்தார். நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் சம்மணம் போட்டார். ஊற்றினார். பாட்டிலோடு கண்ணை ஒட்டவைத்துக்கொண்டு பார்த்தார்.

"சொட்டிடுச்சு, சொட்டிடுச்சு! ஏய், இந்தக் களிமண் மட்டும் ஏன் கல்லுளிமங்கன் மாதிரி தண்ணிய விடாம உட்கார்ந்திருக்கு?"

"நான் சொல்ல மாட்டேன். தொட்டுப் பார்த்து நீங்களே சொல்லுங்க."

தொட்டார், பிசைந்தார், இரு விரல்களுக்கு நடுவே தேய்த்துப் பார்த்தார். "மாவு மாதிரி இருக்கு. இடுக்கே இல்ல. தண்ணி எங்க போகும்?" பாடம் முடிந்தும் எழுந்திருக்கவில்லை. "இன்னொரு தடவை ஊத்தலாமா டீச்சர்?" என்றார்.

மகளுக்கு இத்தனை நாள் அலுப்பும் ஒரே மூச்சில் இறங்கிப் போனது. சமையலறைக்கு ஓடினாள்.

"அம்மா! அப்பா ஒரு கொட்டாவிகூட விடலம்மா! கடைசி வரைக்கும் கண்ணைக் கொட்டாம உட்கார்ந்திருந்தாரு. நாளைக்கு நான் தேறிட்டேன்னு வச்சுக்கோ!"

அம்மா அடுப்பை அணைத்தாள். கூடத்தை எட்டிப் பார்த்தாள். அப்பா இன்னும் பாட்டில் முன்னால் குனிந்திருந்தார். சிவந்துபோன கண்கள் அகல விரிந்திருந்தன. அம்மா சமையலறைக் கதவை ஒருக்களித்துச் சாத்தினாள்.

"என்னம்மா? உனக்குச் சந்தோஷமே இல்லையா?"

"உன் பரீட்சை முடியற வரைக்கும் மூச்சு விடக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருந்தாருடி" என்றாள் அம்மா, குரலைத் தாழ்த்தி. "உங்கப்பா லீவுல இல்ல, அவர் பஸ் முன்னாடி ஒரு ஆள் வந்து விழுந்து செத்துட்டாரு. தப்பு இவர் மேல இல்லன்னு எல்லாரும் சொல்லிட்டாங்க, ஆனா அன்னிலேருந்து எந்த மாத்திரைக்கும் மூடாத அந்தக் கண்ணு, நீ பாடம் நடத்தற நேரத்துல மட்டும்தான் மூடிச்சு."