வாரன்டி முடிந்த சூடு

“வாரன்டி முடிஞ்சு முழுசா ஒரு மாசம் ஆகலை, அதுக்குள்ள இந்த லேப்டாப்புக்கு என்ன கேடு?” ஹரிஷங்கர் கையை உதறினான். “ராத்திரி ஆஃப் பண்ணி மூடி வெச்சேன். காலையில தொட்டா தோசைக்கல்லா கொதிக்குது. இன்னிக்கே ரிப்பேருக்குக் கொடுத்துடறேன்.”

“வேண்டாங்க,” என்றாள் மனைவி மாதங்கி அவசரமாக. “ஜனவரிக் குளிருக்கு இதமாத்தானே இருக்கு? மார்ச்ல பார்த்துக்கலாம்.”

“மடியில வெச்சு வேலை பார்க்கிறது நானாச்சே!”

மாலையில் கல்கத்தா காளிகாட் ரிப்பேர் கடையிலிருந்து வெற்றி வீரனாகத் திரும்பினான்.

“புது ஃபேன் போட்டாச்சு. தொட்டுப் பாரு, ஐஸ்!”

தொட்ட மாதங்கி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

“நாளைக்குக் காலையில உங்க பாஸ் முகர்ஜி குடும்பத்தோட இட்லி சாப்பிட வர்றாரே, ஞாபகம் இருக்கா?”

“வரட்டுமே! கல்கத்தாக் குளிர்லகூட உன் இட்லி மட்டும் எப்படிப் பஞ்சு மாதிரி வருதுன்னு ஆபீசே கேக்குது.”

“எப்படியா? தினமும் நீங்க தூங்கினதும் லேப்டாப்ல சீரியலை ஓடவிட்டு, மேல மாவுப் பாத்திரத்தை வெச்சு, கம்பளியால போர்த்திடுவேன். இனிமே மாவு எப்படிப் பொங்கும்?”

திருதிருவென விழித்த ஹரிஷங்கர், வங்காளி மெக்கானிக்குக்கு போன் போட்டுத் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

“தாதா, அந்த லேப்டாப்பைப் பழையபடி சூடாகிற மாதிரி பண்ணித் தர முடியுமா?”

மறுமுனையில் கொஞ்சம்கூட ஆச்சரியமில்லை.

“இட்லி மாவுக்குத்தானே? வாங்க, பழைய ஃபேனைத் தூக்கிப் போடலை. இந்த வாரத்துல நீங்க மூணாவது மதராசி!”