காகிதப் பாதம்

அன்று காலை ஷூ கடைக்குள் இருந்தவர்கள் ஐந்து பேர்: ஹெஸ்டர் லவெட் அம்மையார், அவர் மகள் ஜூவல், தேவாலயத்து மூப்பர் அலோன்ஸோ, விற்பனையாள் கிளைட், கல்லாவில் கடைக்காரர்.

முதல் மூவர் கறுப்பர்கள். மற்ற இருவர் வெள்ளையர்கள்.

ஜார்ஜியாவின் அந்த ஊரில் கறுப்பர்கள் ஷூவைக் காலில் போட்டுப் பார்த்து வாங்கக் கூடாது. காகிதத்தில் பாதத்தை வரைந்து, வெட்டிக் கொண்டுவந்து காட்ட வேண்டும். ஜூவல் முன்னின்று நடத்திய புறக்கணிப்பில் வியாபாரம் படுத்த பிறகுதான் கடைக்காரர் இறங்கி வந்தார்.

காலில் போட்டுப் பார்த்து வாங்க அதுதான் முதல் நாள்.

தெருவின் எதிர்ப்புறத்தில் தேவாலயத்துப் பெண்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஷூ போட்டுப் பார்க்கும் நாற்காலியில் லவெட் அம்மையார் உட்கார்ந்தால் அவர்களும் வருவார்கள். அவர் திரும்பிவிட்டால் ஒருத்தியும் படியேற மாட்டாள்.

ஜூவலுக்கு அதுதான் பயம். அம்மாவின் வீம்பு அவளுக்குத் தெரியும். சின்ன வயதில் அவளை இந்தக் கடைக்கு அவர் அழைத்துவந்ததே இல்லை. சமையலறைத் தரையில் உட்கார்ந்து, மகளின் பாதத்தைச் சுற்றிப் பென்சிலை ஓட்டுவார்.

"நம்ம வீட்டுக் கால கண்டவன் தொடக்கூடாதுடி. அவ்வளவு ஒசத்தி."

ஜூவல் அதை நம்பி வளர்ந்தாள். பிறகு மேடைகளில் அவள் சொன்னதெல்லாம் அதிலிருந்து வந்ததுதான். இனவெறிக்கு இரண்டு பேர் வேண்டும். தாழ்ந்தவர் என்று சொல்ல ஒருவர், அதை நம்ப ஒருவர். அந்த இரண்டாவது ஆளை நம் வீட்டில் வளர்க்கக் கூடாது.

தொப்பியும் வெள்ளைக் கையுறையுமாக அம்மா முன்வாசல் வழியே நுழைந்தார். நாற்காலியைப் பார்க்கவே இல்லை. நேராகக் கடையின் கடைசிவரை நடந்து, சரக்கு இறக்கும் பின்கதவருகே சுவரோடு ஒட்டி நின்றுகொண்டார். கைப்பையைத் திறந்து மடித்த காகிதத்தை எடுத்தார்.

கண்ணைக் கட்டி விட்டிருந்தாலும் அதே இடத்தில் போய் நின்றிருப்பார்.

தன் பாதம் வரைந்த காகிதங்களைக் கடைக்கு யார் கொண்டுபோனார்கள், எங்கே நின்று காட்டினார்கள் என்று ஜூவல் இதுவரை கேட்டதில்லை.

"சிஸ்டர் ஹெஸ்டர், ஷூ வாங்க வந்தீங்களா, செவுத்தத் தாங்க வந்தீங்களா?" என்றார் அலோன்ஸோ.

"காலு பழக்கத்துல போயிடுச்சு மூப்பரே. சிரிக்காதீங்க."

அம்மா காகிதத்தைப் பைக்குள் வைத்தார். திரும்பி வந்தார். நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்தார்.

கிளைட் அவர் முன்னால் முழங்காலிட்டான்.

"கை சுத்தமா இருக்கா, தம்பி?"

கல்லாவில் கடைக்காரர் இருமினார். கிளைட் காதுவரை சிவந்து, உள்ளங்கைகளைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான். அதன் பிறகே அம்மா பாதத்தை நீட்டினார்.

ஜூவல் அந்த வெள்ளைக் கையுறையைப் பற்றிக்கொண்டாள்.

"நன்றிம்மா."

"எதுக்குடி? இன்னும் ஷூவே வாங்கல."

வெளியே பெண்கள் தெருவைக் கடக்கத் தொடங்கியிருந்தார்கள்.

அந்த ஊரில் இன்றும் ஒரு பேச்சு உண்டு. சிறுமியாக இருந்தபோது ஜூவல் லவெட்டை அந்தப் பின்கதவருகே நிற்கவைத்து அவமானப்படுத்தினார்களாம். அந்த ஆத்திரம்தான் அவளைப் போராட்டத்தில் இறக்கியதாம்.

தவறு. ஜூவல் அங்கே ஒருநாளும் நின்றதில்லை. அவள் அம்மா நிற்க விட்டதில்லை.