பட்டன்தானே

பினாங்கில் பூங்கோதையின் அப்பாவுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது.

"பாஸ்போர்ட்டில் மருதப்பன் மகள், திருமணப் பதிவில் சிவநேசன் மனைவி. இருவரில் ஒருவர்தான் போகலாம்," என்றது கோவை விமான நிலையக் கதவு. "கல்யாணம் ஆகவில்லை என்ற பட்டனை அழுத்தினால் திறப்பேன்."

பூங்கோதை கணவனைப் போனில் அழைத்து அழுதாள். "அப்பா பேரே இருக்கட்டும்னு மாத்தாம விட்டேனுங்க."

"அட, அழுத்திட்டுப் போடி கண்ணு. பட்டன்தானே? பையனை நான் பாத்துக்கறேன். வந்ததும் மறுபடி பதிஞ்சுக்கலாம்," என்றான் சிவநேசன், என்றைக்குமில்லாத கனிவோடு.

அழுத்தினாள். அப்பாவின் வாயில் கடைசிப் பாலை ஊற்றி, காரியம் முடித்துத் திரும்பினாள். வீட்டுக் கதவு அவள் முகத்துக்குத் திறக்கவில்லை.

"என்னங்க, கதவு என்னை யாருன்னு கேக்குது. பழையபடி பதிஞ்சு விடுங்க."

"கல்யாணமாகாத பொண்ணு நீங்க. நான் எப்படிங்க பதியறது?" என்றான் உள்ளேயிருந்து. "கோர்ட்டு, வக்கீல்னு வருசக்கணக்கா அலையணுமேன்னு இருந்தேன். நல்லவேளை, நீங்களே அழுத்திட்டீங்க."

"அப்பா, வெளிய யாரு?" மகனின் குரல் கேட்டது.

"யாரோ வீடு மாறி வந்துட்டாங்க, சாமி."

"அம்மா மாதிரியே பேசறாங்கப்பா."

"நீ சாப்பிடு. ஆறிடும்."