வெயில் விழாத பள்ளம்

அரிசோனா பாலைவனத்தில் விடிந்தும் குளிர் விடவில்லை. மலை விளிம்பில் உட்கார்ந்து தொலைநோக்கியால் துழாவிக்கொண்டிருந்தாள் நோரா. அவள் கூலிக்கு அமர்த்திய வேட்டை வழிகாட்டி கர்ட்டிஸ், பக்கத்தில் காபி குடித்துக்கொண்டிருந்தான்.

"ஹாவலினாப் பன்னி ஒண்ணுகூடக் கண்ல படலையே," என்றாள்.

"மறுபடியும் அந்த வடக்குப் பள்ளத்தையே பாக்குறீங்க, மேடம். சாயங்காலம் வரைக்கும் பாத்தாலும் கல்லுதான் தெரியும்."

"ஏன், அங்க வராதா?"

"குளிர்காலத்துல அங்க வெயிலே விழாது. இதுங்களுக்குக் கொழுப்பும் கம்மி, முடியும் கம்மி, குளிர் தாங்காது. காலை வெயில் படுற சரிவுல, கடிச்சுப் போட்ட சப்பாத்திக்கள்ளி கெடக்குதான்னு பாருங்க. காத்துல கெட்ட வாடை அடிச்சா, கூட்டம் பக்கத்துலதான் இருக்கும்."

"பள்ளத்துல ஒண்ணுகூடவா இருக்காது?"

"இத்தனை வருஷத்துல ஒரு குளம்புத் தடம்கூடப் பாத்ததில்ல. ஜனவரியில ஹாவலினா தேடி அங்க எறங்குறவன் முட்டாள்."

"டேரில் முட்டாள் இல்லையே," என்றாள் நோரா.

கர்ட்டிஸ் காபிக் கோப்பையைக் கீழே வைத்தான்.

"போன ஜனவரியில உங்ககூட வேட்டைக்கு வந்து காணாமப்போனவர். என் புருஷன். ஹாவலினாவைத் துரத்திக்கிட்டு அந்தப் பள்ளத்துல எறங்கினார்னு போலீசுக்குச் சொன்னது நீங்கதான். அவங்களும் அங்கேயே தேடிட்டுத் திரும்பிட்டாங்க."

பக்கத்தில் சாத்தி வைத்திருந்த தன் துப்பாக்கியை அவன் கை தேடியது. அது அவள் மடியில் இருந்தது.

"நல்லாத்தான் சொல்லிக் குடுத்தீங்க," என்றாள். "இப்பச் சொல்லுங்க, டேரிலை எங்க தேடணும்?"